தமக்கைக்கு ஒரு பாட்டு

கார்த்திகைத் தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால் கீழ்பென்னாத்தூருக்குப் போயிருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் இருக்கிறது ஊர். என் தமக்கை வாழ்க்கைப்பட்ட இடம். அவள் வீட்டு மெத்தையில் நின்று மேற்கே பார்த்தால், நெல்வயலுக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கும் அப்பால் மலை தெரியும். தீபத்தன்று அந்த மெத்தையே போதும்; கூட்டத்தில் இடிபட வேண்டியதில்லை.

போன இடத்தில் ஒரு வழக்கு காத்திருந்தது. அந்தத் தெருவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருக்கிறார், வயது முப்பதுக்குள். தீபத்தை ஒட்டி, தெருப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அருணகிரிநாதர் கதையைச் சொல்ல ஏற்பாடு செய்திருந்தார். கதை பழையது, பாட்டெல்லாம் சினிமாப் பாட்டு. கவியின் வாழ்க்கையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாட்டைப் பொறுக்கி, செல்போனில் பட்டியல் போட்டு வைத்திருந்தார்.

எதிர்க்கட்சி, அதே தெருவில் பிள்ளைகளுக்குத் திருப்புகழ் சொல்லிக் கொடுக்கும் ஒரு பெரியவர். “பூஜை அறையிலே கள்ளுப்பானையை வைக்கிற மாதிரி இருக்கு, சார்” என்றார் அவர். “காசுக்கு எழுதின பாட்டு, காசுக்குப் பாடின பாட்டு. அதைக் கொண்டுபோய் அந்த மகான் வாயிலே வைக்கலாமா? நீங்க எழுதுகிறவர். நீங்களே சொல்லுங்க.”

எழுதுகிறவனுக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நானும் அந்தப் பெருமைக்கு மயங்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஆசிரியர் பக்கம்தான் என் மனம் சாய்ந்தது. இப்படி ஒட்டுப்போடுவது நமக்குப் புதிதல்ல. கதாகாலட்சேபம் என்பதே ஒட்டுத்துணிதானே? பாகவதர்கள் ஒரே கதைக்குள் மராட்டி சாகியையும் திண்டியையும் தியாகராஜர் கீர்த்தனையையும் திருப்புகழையும் சேர்த்துத் தைத்தார்கள். கேட்டவர்கள் எந்தப் பாஷை, எந்தக் காலம் என்று விசாரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். திருப்புகழிலேயே ஊறிய கிருபானந்த வாரியார், 1943-ல் வந்த ‘சிவகவி’ படத்துக்கு வசனம் எழுதியிருக்கிறார். சினிமா தீட்டு என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

தொண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் ‘பட்டினத்தார்’ படத்திலும் 1964-ல் ‘அருணகிரிநாதர்’ படத்திலும் டி. எம். சௌந்தரராஜன் தாமே நடித்துப் பாடினார். அதே ஆண்டுகளில் அதே தொண்டைதான் கதாநாயகர்களுக்காகக் குடிகாரன் பாட்டும் காதல் தோல்விப் பாட்டும் பாடியது. தமிழ் நாட்டில் இரண்டு தலைமுறைக்கு, தவறிப் போனவனின் குரலும் மீண்டு வந்தவனின் குரலும் ஒன்றேதான். அது தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். “நீங்க பிள்ளைகளுக்கு எந்தெந்தத் திருப்புகழ் சொல்லிக் கொடுக்கிறீங்க, ஐயா? விலைமாதர் வர்ணனை வருகிற பாட்டையெல்லாம் ஒதுக்கிட்டுத்தானே? அந்தப் பாதி இல்லாம அந்த மனுஷன் ஏது? நீங்க ஒளிக்கிற பாதியைத்தான் நான் சினிமாப் பாட்டால் சொல்கிறேன்.”

பெரியவர் பதில் சொல்லவில்லை. அதில் உண்மை இருந்தது. நமக்குக் கிடைத்திருக்கும் திருப்புகழ் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். அவற்றில் பல ஒரே அமைப்பு: முன்பாதியில் வீழ்ச்சி, நடுவில் ஒரு விண்ணப்பம், பின்பாதியில் முருகன், கடைசியில் பெருமாளே என்ற விளி. சேற்றில் ஒரு காலும் படியில் ஒரு காலுமாக நிற்கிறவனின் பாட்டு அது. முன்பாதியை வெட்டிவிட்டால் படி மட்டும் மிஞ்சும். ஏறுகிறவன் இருக்க மாட்டான்.

ஆனாலும் பட்டியலைப் பார்த்தபோது எனக்கும் ஓர் இடத்தில் உறுத்தியது. கதை எல்லோருக்கும் தெரிந்ததே. இளமையில் சிற்றின்பத்தில் பொருளையெல்லாம் தொலைக்கிறார். நோய் வருகிறது. தமக்கையின் கைப்பொருளும் கரைகிறது. ஒன்றுமில்லாத நாளில் வந்து கேட்கும் தம்பியிடம் அவள், தமக்கை சொல்லக் கூடாத ஒரு சொல்லைச் சொல்கிறாள்: பெண்தானே வேண்டும், நான் இருக்கிறேன் என்று. அந்தச் சொல் தாங்காமல் ஓடிப்போய் வல்லாள கோபுரத்தின் மேலிருந்து விழுகிறார். முருகன் தாங்கிக்கொள்கிறான். பதினான்காம் நூற்றாண்டுப் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பெயரைச் சொல்லும் அந்தக் கோபுரத்தை ஒட்டி, கோபுரத்திளையனார் என்ற பெயரில் இன்றும் முருகன் சன்னிதி இருக்கிறது. இவ்வளவும் செவிவழிக் கதை. பதினைந்தாம் நூற்றாண்டில் பிரபுடதேவராயன் காலத்தில் இருந்தார் என்பதற்கு அவர் பாட்டே சாட்சி. மற்றதற்கு ஊர்தான் சாட்சி.

கோபுரத்தில் ஏறுகிற கட்டத்துக்கு ஆசிரியர் 1953-ல் வந்த ‘தேவதாஸ்’ படத்தில் கண்டசாலா பாடிய பாட்டைப் போட்டிருந்தார். உலகமே பொய் என்று குடித்துவிட்டுப் பாடுகிற பாட்டு.

“இது பொருந்தாது” என்றேன். “தன்னிரக்கம் வேறு, கழிவிரக்கம் வேறு. எனக்கு இப்படி ஆயிற்றே என்று அழுவது ஒன்று. நான் இப்படிச் செய்தேனே என்று அழுவது இன்னொன்று. தேவதாஸ் அழுவது முதல் அழுகை. நம் சினிமாச் சோகப் பாட்டு பெரும்பாலும் அந்த ஜாதிதான். விதி ஏமாற்றியது, பெண் ஏமாற்றினாள், உலகம் ஏமாற்றியது, பாடுகிறவன் மட்டும் நல்லவன். அருணகிரிநாதர் தம்மையே கூண்டில் ஏற்றுகிறவர்.”

இதைச் சொல்லிவிட்டு எனக்கே திருப்தியாக இருந்தது. ஆசிரியர் கொஞ்சம் யோசித்தார்.

“சார், கோபுரத்திலிருந்து விழப்போகிறவன் வேறு யாருக்காக அழுவான்? அந்த நிமிஷத்திலே அவன் தனக்காகத்தான் அழறான். இரண்டாவது அழுகை, விழுந்து பிழைச்ச பிறகுதான் வரும். அதனாலேதான் இந்தப் பாட்டை மேலே வைத்தேன். ‘ஆலயமணி’ப் பாட்டைக் கீழே வைத்தேன்.”

1962-ல் வந்த அந்தப் படத்தில், ஆசையெல்லாம் சுட்டுத் தீர்ந்தபின் ஆறின மனத்தோடு பாடுகிற கண்ணதாசன் பாட்டைத்தான் சொல்கிறார். நான் ஒப்புக்கொண்டேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அருணகிரிநாதரும் எல்லா இடத்திலும் தம்மையே கூண்டில் ஏற்றவில்லை. பொதுமகளிரின் கண்ணையும் பேச்சையும் வஞ்சனை என்று வைகிற அடிகள் ஏராளம். கை நிறையப் பணத்தோடு வாசற்படி ஏறியவன் இவன். வஞ்சகி மட்டும் அவளாம். மகானுடைய பாட்டிலும் முதல் அழுகை கலந்துதான் இருக்கிறது. ஆகவே நான் கிழித்த கோடு சினிமாவுக்கும் திருப்புகழுக்கும் நடுவே ஓடவில்லை; இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று.

தீர்ப்பு ஆசிரியர் பக்கம். பெரியவர் பெருந்தன்மையோடு, முடிவில் ஒரு திருப்புகழைத் தாமே பாடித் தருவதாகச் சொன்னார்.

நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. தெருவை அடைத்து ஜமக்காளம் விரித்திருந்தார்கள். சினிமாப் பாட்டு வந்தபோது பிள்ளைகள் கூடவே பாடினார்கள். கோபுரக் கட்டத்தில் தெரு அப்படியே அடங்கிவிட்டது. பெரியவர் பாடியபோதும் அந்த அடக்கம் கலையவில்லை. எனக்குக் கண்கூடக் கலங்கியது என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். தமக்கை மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி. அந்த அக்கா என்ன ஆனா?”

“எந்த அக்கா?”

“அவருக்கு முருகன் கிடைச்சுட்டான். அவருக்கு அத்தனை பாட்டு. அந்த அக்காவுக்கு ஒரு பாட்டுகூட வைக்கலையே. அவ காசெல்லாம் போச்சே, அப்புறம் எதை வச்சுச் சாப்பிட்டா?”

நான் சிறு வயது முதல் எத்தனையோ முறை இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லிக் கேட்டதில்லை. யாரும் கேள்வி கேட்டதும் இல்லை. அண்ணன் தங்கைக்காகத் தமிழ் நாட்டையே அழவைத்த ‘பாசமலர்’ 1961-லேயே வந்துவிட்டது. பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆசிரியருக்கும் தோன்றவில்லை, பெரியவருக்கும் தோன்றவில்லை, தீர்ப்புச் சொன்ன எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் மூன்று பேரும் பாடினவனின் மனப் போராட்டத்தைத்தான் அளந்துகொண்டிருந்தோம்.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. நாலாம் நூற்றாண்டின் முடிவில் அகஸ்டின் என்ற கிறிஸ்தவ ஞானி தம் பாவங்களையெல்லாம் கடவுளிடம் சொல்லி ‘ஒப்புதல்கள்’ என்ற நூலை எழுதத் தொடங்கினார். மனித மனத்தை அவ்வளவு தூரம் தோண்டிய புத்தகம் குறைவு. பல ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து, ஒரு பிள்ளையும் பெற்றுக் கொடுத்து, பிறகு ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் அதில் வருகிறாள். பிள்ளையின் பெயர் இருக்கிறது. அவள் பெயர் இல்லை.

கடவுளிடம் மன்னிப்புக் கேட்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அவருக்கு நாம் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. அழுதால் போதும், அழகாக அழுதால் இன்னும் நல்லது. கடன்பட்ட மனிதரிடம் போனால் கணக்கு வரும். மகானின் அருளைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் முருகன் மன்னித்ததாலே தமக்கையின் கடன் தீர்ந்துவிட்டதா என்பது தனிக் கேள்வி. அந்தக் கடனைத் தள்ளிவிடும் உரிமை, தெய்வத்துக்கும் முன்னால் அவளுக்கு அல்லவா இருக்கிறது?

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் நாவலை அச்சிட யாரும் முன்வராதபோது, என் தமக்கை தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்தேன். அது மூழ்கிப் போயிற்று. பிற்பாடு அதையே வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். படித்தவர்கள் உருகிக் கடிதம் எழுதினார்கள். எழுதி முடித்த அன்று நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது. கடன் தீர்ந்த நிம்மதி என்று அதை இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

தன்னிரக்கம் வேறு, கழிவிரக்கம் வேறு என்று ஆசிரியருக்கு உபதேசம் செய்தேனே, அந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. திருப்பிக் கொடுப்பது. அதற்குப் பாட்டு வேண்டாம். பாட்டு அதுவரைக்கும் கொண்டுவந்து விட்டால் நல்ல பாட்டு, சினிமாவானாலும் சரி, திருப்புகழானாலும் சரி. அதற்கு முன்னாலேயே நிறுத்தி நெஞ்சை ஆற்றிவிட்டால், எவ்வளவு உயர்ந்த பாட்டானாலும் பாடுகிறவனுக்கு அது தூக்க மருந்துதான்.

கை கழுவிவிட்டு வந்து மெல்லக் கேட்டேன்: “அக்கா, அந்தச் சங்கிலி எவ்வளவு இருக்கும்?”

மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, திரும்பாமல், “ஆறேகால் சவரன்” என்றாள்.