தேய்வது வேறு, மூடுவது வேறு

லித்தியம் பேட்டரி சாவதில் யார்மேலும் குற்றமில்லை. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளே கிராஃபைட்டின்மேல் படிந்திருக்கும் மெல்லிய படலம் கொஞ்சம் தடிக்கிறது. அதில் சிக்கிய லித்தியம் திரும்பி வருவதில்லை. பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்தாலும் தேயும், ஈப்போ வெயிலில் இன்னும் சீக்கிரம். ஐபாட் பேட்டரிக்கு ஆப்பிளே சொன்ன கணக்கு, முழுசாக 400 முறை ஏற்றி இறக்கினால் 80 சதவீதம் மிஞ்சும் என்பதுதான். இதன்மேல் கோபப்படுவது, முடி நரைப்பதன்மேல் கோபப்படுவது மாதிரி.

எனக்குக் கேள்வி இருப்பது அந்த பேட்டரியைச் சுற்றியுள்ள பெட்டியின்மேல்.

1979-இல் வந்த முதல் சோனி வாக்மேனுக்கு இரண்டு சின்ன பேட்டரி போதும். தீர்ந்தால் மளிகைக் கடையில் வாங்கி, மூடியை விரலால் திறந்து மாற்றிக்கொள்ளலாம். 2001-இல் ஐபாட் வந்தபோது அந்த மூடி காணாமல் போனது. முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் முதுகு. அழகுதான், மறுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து கேசி நைஸ்டாட், வான் நைஸ்டாட் என்ற சகோதரர்கள், இந்த பேட்டரி 18 மாதம்தான் உழைக்கும், மாற்றவும் முடியாது என்று நியூயார்க்கில் இருந்த ஐபாட் விளம்பரங்களின்மேலேயே பெயின்ட் அடித்து, அதைக் குறும்படமாகவும் எடுத்தார்கள். மாற்ற 255 டாலர் ஆகும், அதற்குப் புதுசே வாங்கிவிடலாம் என்பது அவர்களுக்குத் தொலைபேசியில் கிடைத்த பதில். அதே 2003 நவம்பரில் 99 டாலருக்கு மாற்றித் தரும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. 2005-இல் ஒரு வழக்கு சமரசமாகி, பழைய மாடல் வைத்திருந்தவர்களுக்கு 50 டாலர் சலுகை கிடைத்தது.

இந்த இடத்தில் யாராவது ஃபீபஸ் கதையைச் சொல்லிவிடுவார்கள்: 1924-இல் பல்பு கம்பெனிகள் கூடிப் பேசி, பல்பின் ஆயுளை 1000 மணி நேரத்துக்குக் குறைத்த கதை. நான் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஐபாட்டில் யாரும் எதன் ஆயுளையும் குறைக்கவில்லை. ஒரு சின்னக் கதவு வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்னை உறுத்துகிறது. முதலில் சாகப்போகும் பாகம் எது என்று நன்றாகத் தெரிந்தும் அதை உள்ளே வைத்து மூடினால், நல்ல நிலையில் இருக்கும் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் அதே தேதியைக் குறித்துவிடுகிறோம். பிறகு அது தானாக நடந்தது போலத் தெரியும். "பழசாயிடுச்சு" என்போம். யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு, இயற்கையின் கணக்கில் ஏறிவிடும்.

சித்தப்பா எனக்குக் கொடுத்தது 2005 மாடல். முழு சார்ஜில் இருபது நிமிஷம் பாடும். புந்தோங்கில் ஹேண்ட்போன் பழுதுபார்க்கும் அண்ணனிடம் காட்டினேன்.

"இத யாரு தம்பி இப்ப செய்றா? போன்லயே எல்லாப் பாட்டும் இருக்குல்ல?"

"மத்ததெல்லாம் நல்லாதான் இருக்கு அண்ணே."

"நல்லாதான் இருக்கு. தொறக்கற கூலிதான் உனக்குக் கட்டுபடி ஆகாது."

அவர் சொன்னது சரி. 40 ரிங்கிட்டுக்கு பேட்டரி வரவழைத்து நானே திறந்தேன். ஓரத்தில் பிளாஸ்டிக் தகடு செருகி, உள்ளே பிடித்திருக்கும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். திறந்ததும் இரண்டு பாதியையும் சட்டென்று பிரித்துவிடக் கூடாது, காகிதம் மாதிரி ஒரு ரிப்பன் இரண்டையும் இணைத்திருக்கும். பழைய பேட்டரி தலையணை போல உப்பியிருந்தது. ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். மூடி வைத்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். நானும் என்ஜினியர்தான், அந்தக் காரணம் பொய்யில்லை என்று தெரியும். கதவு இல்லாவிட்டால் பொருள் மெலியும், தூசி போகாது. ஆனால் உப்பிய பேட்டரிக்குப் பக்கத்தில் ஒருவனைத் தகடு வைத்து நெம்ப விடுவதும் அதே வடிவமைப்புதானே?

ஆகவே எல்லாரும் எல்லாவற்றையும் ரிப்பேர் செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்து வருபவருக்கு அது தண்டனை. போதும், தூக்கிப் போடலாம் என்று முடிவெடுக்கவும் உரிமை உண்டு. எடுக்க வேண்டியவர் வைத்திருப்பவர். கூடவே, தூக்கிப் போட்டதன் பக்கத்தில் வாழப்போகிறவர்களும்.

அவர்களை ஈப்போக்காரன் மறக்க முடியாது. ஈயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டை உருக்குலைத்து அரிய மண் எடுக்க, புக்கிட் மேராவில் 1982-இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை வந்தது. கலர் டிவியின் சிவப்புக்கு இட்ரியம் தேவைப்பட்ட காலம். உலகத்துக்கு வண்ணம் போனது, கதிரியக்கமுள்ள தோரியம் கழிவு இங்கே நின்றது. ஊர்க்காரர்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அப்படியும் அடுத்த மாதமே கம்பெனி தானாக மூடிக்கொண்டது. கழிவைக் கிளேடாங் மலைத்தொடரில் புதைத்திருக்கிறார்கள். என் ஐபாட்டுக்கும் அந்த ஆலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் "தூக்கிப் போடு" என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கம் என்று கேட்கும் பழக்கம் இந்த ஊரில் வந்துவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் பெரும்பாலான கையடக்கச் சாதனங்களில் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. இருந்தாலும் 1979-இல் விரலால் திறந்த ஒரு மூடியைத் திரும்பப் பெற சட்டப் புத்தகம் வரை போக வேண்டியிருந்தது என்பது வேடிக்கைதான்.

சித்தப்பாவின் ஐபாட் இப்போது ஒரு நாள் முழுக்கப் பாடுகிறது. உப்பிய பேட்டரி, மணல் நிரப்பிய மைலோ டின்னில், வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் இருக்கிறது. மின்கழிவு வாங்கும் நாள் அடுத்த மாதம்தான் வருகிறது. அதுவரை அம்மா அந்தப் பக்கம் துணி காயப்போட மாட்டேன் என்கிறார்.