பசியும் பழியும்

ஆயுர்வேத நூலான சரக சங்கிதையின் சூத்திரத்தானம் என்னும் பகுதி, 21ஆம் இயலில், உடலமைப்பு காரணமாகப் பழிக்கப்படுவோர் என்று எண்மரை வரிசைப்படுத்துகிறது. மிக நெடியவர், மிகக் குள்ளர், உரோமம் மிகுந்தவர், உரோமமற்றவர் போன்றோருடன் மிகப் பருத்தவரும் மிக மெலிந்தவரும் அவ்வரிசையில் நிற்கின்றனர். பருமனுக்குக் காரணங்களாக மிகையுணவு, இனிப்பும் நெய்ப்பும் மிகுந்த பண்டங்கள், உடலுழைப்பின்மை, பகலுறக்கம், கவலையின்மை ஆகியவற்றை அடுக்கிவரும் அந்நூல், இறுதியில் ‘பீஜ ஸ்வபாவம்’, அதாவது வித்தின் இயல்பு, என்பதையும் சேர்க்கிறது. பகலுறக்கத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாம். பெற்றோர் வழி வந்த வித்துக்கு அவரை எவ்வாறு பொறுப்பாக்குவது? கொழுப்பு உடலின் வழிகளை அடைக்க, வாயு வயிற்றுக்குள்ளேயே சுழன்று செரிமானத் தீயை மூட்டுவதால் பருத்தவருக்கு மீண்டும் மீண்டும் பசிக்கிறது என்றும் அவ்வியல் கூறுகிறது. வாயுவைப் பற்றிய விளக்கம் பழையதாகிவிட்டாலும், பசி பருமனை உண்டாக்குவது போலவே பருத்த உடலும் பசியை உண்டாக்கக்கூடும் என்று கண்டது சிறிய நுட்பமன்று.

பிறவியிலேயே பார்வையற்றவரை எவரும் கடிவதில்லை, குடியால் பார்வையை இழந்தவரையே கடிவர் என்று நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டுகிறார். உடலின் குறைகளிலும் இயற்கையால் வந்தவற்றை விடுத்து, புறக்கணிப்பால் வந்தவற்றையே பழிக்கிறோம் என்பது அவர் கருத்து. பிரிப்பு தெளிவானதே, ஆனால் எது எவ்வழி வந்தது என்பது உடலின்மேல் எழுதப்பட்டிருப்பதில்லை.

1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் விவரித்த இரு குழந்தைகள் இதற்குத் தக்க சான்று. எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவினனான இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. கொழுப்புத் திசுவில் சுரந்து, சேமிப்பு போதுமென மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் இயக்குநீரை (1994இல் இது கண்டறியப்பட்டது) ஆக்கும் மரபணுவில் இருவருக்கும் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அறிவிப்பு வராத மூளை, அத்தனை கொழுப்பின் நடுவிலும் தன்னைப் பட்டினியில் கிடக்கும் உடலாகவே கருதியது. லெப்டினை ஊசிவழி செலுத்தியபோது, உணவுக்காக ஓயாது அழுத பசி தணிந்தது, எடையும் இறங்கியது. அக்குழந்தைகளுக்கு எவரும் நல்லொழுக்கம் கற்பிக்கவில்லை.

இத்தகைய ஒற்றை மரபணுக் கோளாறு மிக அரிது. பெரும்பாலோரிடம் சிறிது சிறிதாகச் சாய்க்கும் பல மரபணுக்களே உள்ளன. 2007இல் பருமனோடு தொடர்புறுத்தப்பட்ட எஃப்டிஓ மரபணுவின் மாற்றுவடிவம் இரு பெற்றோரிடமிருந்தும் வாய்த்தவர், அது இல்லாதவரைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருப்பர். தைராய்டுக் குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, சில மனநோய் மருந்துகள் ஆகியனவும் எடையைக் கூட்டலாம். எடை குறைந்த பின்னரும் உடல் தன் பழைய நிலையைக் காக்கப் போராடுகிறது: ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பெருமளவு எடை இழந்த 14 பேரை ஆறாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, ஓய்வு நிலையில் அவர்களுடைய உடல், எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. இவையெல்லாம் சாய்வுகளே, விதி அல்ல. உணவும் உழைப்பும் பயனற்றவை என்று இவற்றிலிருந்து முடிவுகட்டுவது பிழை. ஆயினும் ஒரே ஏணியில் ஒருவர் வெறுங்கையோடும் மற்றவர் மூட்டையோடும் ஏறுகையில், ஏறிய படிகளை மட்டும் எண்ணுவது நேர்மையான கணக்கன்று.

கிறித்தவ மரபு பெருந்தீனியைத் தலையாய பாவங்களுள் ஒன்றாக வைத்தது. ஆனால் தாமஸ் அக்குவினாஸ் அதை உண்ணும் அளவாகவோ உடலின் பருமனாகவோ வரையறுக்கவில்லை. ஒழுங்கு தவறிய விருப்பமாகவே வரையறுத்தார். அவருக்கு முன் அகஸ்டின், தம் ஒப்புதல்கள் என்னும் நூலின் பத்தாம் பகுதியில், உண்ணும்போது கேட்பது உடலின் தேவையா இன்பத்தின் சூழ்ச்சியா என்று தமக்கே பல வேளை விளங்குவதில்லை என ஒப்புக்கொண்டார். தன் தட்டைப் பற்றியே தீர்ப்புக் கூற இயலாத அந்தத் தயக்கம், பிறர் தட்டை எட்டிப் பார்ப்போரிடம் காணப்படாதது வியப்புக்குரியது.

இங்கே மெலிந்தவரின் பெருமையும் ஆட்டம் காண்கிறது. தவறான ஆசையோடு போராடி வெல்பவரைத் தன்னடக்கமுடையவர் என்றும், அவ்வாசையே எழாதவரை மிதமானவர் என்றும் பிரித்த அரிஸ்டாட்டில், பின்னவரையே உயர்ந்தவராகக் கொண்டார். ஏனெனில் அவ்வமைதி நெடும் பழக்கத்தால் ஈட்டப்பட்டது என நம்பினார். அது லெப்டினால் வந்ததெனில் அதில் ஈட்டியது எது? பசியைத் தணித்து எடையைக் குறைக்கும் செமாகுளுடைடு மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்வோரில் பலர், உணவைப் பற்றி மனத்தில் ஓயாதிருந்த பேச்சு அடங்கிவிட்டதாகக் கூறுகின்றனர். மனித முயற்சியால் பெறும் அறத்தோடு, வெளியிலிருந்து இறைவனால் ஊற்றப்படும் மிதம் ஒன்றும் உண்டு என்று அக்குவினாஸ் கற்பித்தார். ஊசியை அதற்கு ஒப்பிடத் தோன்றலாம். ஆனால் அம்மருந்தை நிறுத்தியோரை ஓராண்டு கழித்து ஆராய்ந்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது.