சுங்கமும் நீதியும்

அயல்நாட்டிலிருந்து வந்திறங்கும் பொருள்களில் எவற்றின் மீது வரி விதித்து உள்நாட்டாரைக் காப்பது முறை என்னும் வினா, அமைச்சர்களும் பொருளியல் வல்லுநர்களும் மட்டுமே ஆராய வேண்டிய ஒன்று என நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆயின், ஒருவர் கைப்பொருளை எடுத்து மற்றொருவர் கையில் சேர்க்கும் எச்செயலும் மார்க்கத்தின் அளவுகோலுக்கு அப்பாற்பட்டதன்று. காப்பு வரியும் அத்தகைய செயலே. அயலான் செலுத்துவது போல் தோன்றினும், பெரும்பாலும் அதன் சுமை பொருளை வாங்கும் நம்மவன் தலையிலேயே வந்து இறங்குகிறது.

இவ்வினாவுக்கு நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே ஓர் உரைகல் உண்டு. ஆரணியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பட்டுத் தறிகளை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆடவருக்கு விலக்கப்பட்ட பட்டு, பெண்டிருக்கு ஆகுமாக்கப்பட்டதன்றோ? நம் இல்லத்து நிக்காஹ் நாளில் மணமகள் உடுத்தும் சேலையும் அத்தறிகளில் நெய்யப்பட்டதாயிருக்கலாம். ஆனால் நம் நாட்டுத் தறிகளுக்கு வேண்டிய பட்டு நூல் முழுவதும் இங்கேயே விளைவதில்லை. ஒரு பகுதி சீனத்திலிருந்து வருகிறது.

2011-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு கச்சாப் பட்டின் சுங்கத்தை 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்தது. நெசவாளி பெருமூச்சு விட்டான். ஆனால் பட்டுக்கூட்டின் விலை சரிந்தது. கர்நாடகத்து விவசாயிகள் வீதிக்கு வந்தனர். 2013-இல் வரி 15 ஆக உயர்த்தப்பட்டது. பின்னர் 10-க்கு இறங்கி, 2021-இல் மீண்டும் 15 ஆயிற்று. வரி ஏறினால் மல்பெரி பயிரிடும் தருமபுரி விவசாயி மகிழ்கிறான், ஆரணி நெசவாளி வருந்துகிறான். இறங்கினால் நிலைமை தலைகீழாகிறது. இருவரும் உழைப்பாளிகள், இருவரும் ஏழைகள். சுதேசி என்ற ஒரு சொல்லைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்துவிட இயலாது. இருவருமே சுதேசிகள்!

இங்கே நம் முன்னோர் காட்டிய வழியை நோக்குவோம். அநியாயமாகச் சுங்கம் தண்டுவோரை நபிமொழிகள் கடுமையாக எச்சரிக்கின்றன. மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயம் செய்து தருமாறு தோழர்கள் வேண்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. எவருடைய பொருளிலும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க அன்னார் விரும்பவில்லை. எனினும் எல்லைச் சுங்கமே கூடாதென்பது இதன் பொருளன்று. முஸ்லிம் வணிகரிடம் அயல் நாட்டார் பத்திலொரு பங்கு பெறுகின்றனர் என்று அபூ மூஸா (ரலி) அவர்கள் எழுதியபோது, அவ்வாறே அவர்களிடமும் பெறுமாறு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பணித்த செய்தியை இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிந்துள்ளார்கள்.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் காணப்படுகிறது. நபத்தி வணிகர் கொணர்ந்த பயறு வகைகளுக்குப் பத்திலொரு பங்கு பெற்ற அதே உமர் (ரலி) அவர்கள், கோதுமைக்கும் எண்ணெய்க்கும் அதில் பாதியே பெற்றார்கள். அவ்விரண்டும் மதீனாவுக்கு மிகுதியாக வரவேண்டும் என்பதே அன்னாரின் நோக்கம். வணிகன் யார் என்பதோடு நில்லாமல், வாங்குகிறவனுக்கு அப்பொருள் எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் அவர்கள் எடைபோட்டார்கள்.

இந்த அளவுகோலை நம் அடுப்பங்கரைக்குக் கொண்டுவருவோம். நம் நாடு தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படைச் சுங்கம் 2024 செப்டம்பரில் 20 விழுக்காடாக்கப்பட்டு, 2025 மே மாத இறுதியில் 10 ஆகக் குறைக்கப்பட்டது. நம் வட்டாரத்தார் மல்லாட்டை என வழங்கும் வேர்க்கடலையைப் பயிரிடும் செங்கம், போளூர் விவசாயிக்கு அவ்வரி ஓர் அரண். நாட்கூலி பெற்று மாலையில் கால் லிட்டர் எண்ணெய் வாங்குகிறவனுக்கோ அது ஒரு சுமை. செல்வந்தனும் அவனும் அந்த எண்ணெய்க்குச் செலுத்தும் வரி ஒன்றே. இருவர் வருவாயும் ஒன்றா?

ஒரு தீங்கை அதற்கு நிகரான மற்றொரு தீங்கால் நீக்கலாகாது என்பது நம் ஃபிக்ஹு மேதைகள் வகுத்த விதி. இதிலிருந்து நாம் பெறும் முடிவு இது: அயலில் நெய்யப்பட்டு வரும் பட்டுத்துணிக்கு வரி விதிப்பது நெசவாளி, விவசாயி ஆகிய இருவரையும் ஒருங்கே காக்கும், வாங்குகிறவர்க்கும் அது அன்றாட உணவன்று. அங்கே காப்பு வரி முறையானதே. ஏழையின் உணவுக்கும் ஏழைத் தொழிலாளியின் மூலப்பொருளுக்கும் வரி இலேசாயிருத்தல் வேண்டும். அதனால் நலிவுறும் விவசாயியை, ஆதார விலைக் கொள்முதலாலும் மானியத்தாலும் அரசுக் கருவூலமே தாங்கட்டும். மல்பெரி விவசாயி வாழவேண்டும் என்பது நாடு முழுவதன் விருப்பமாயின், அவ்விருப்பத்தின் விலையை ஆரணி நெசவாளி ஒருவன் மட்டும் கொடுப்பானேன்?

கருவூல உதவி காலந்தாழ்த்தி வரும், இடையிலேயே கரைந்தும் போகும். துறைமுக வரியோ அன்றே வேலை செய்யும் என்று சிலர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆகவே உதவி உரியவர் கையை அடையும் வரை மிதமான வரி நீடிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு கெடு வேண்டும். கெடுவில்லாத காப்பு, காக்கப்படுபவனையும் சோம்பச் செய்துவிடும்.

வரியை விதிப்பது நம் கையில் இல்லை. வாக்களிப்பதும் வாங்குவதும் நம் கையில் உள்ளன. இனி எந்தப் பொருளுக்கு வரி கூட்டினாலும் குறைத்தாலும், இது எவர் கையிலிருந்து எடுத்து எவர் கையில் கொடுக்கிறது என்று முதலில் கேட்போமாக. நிறுவையில் நீதி தவறாதோராய் வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.