நினைவும் வாய்மையும்

உள்ளத்திலுள்ள ஒன்றை மறைத்துப் பிறிதொன்றைக் கூறுதல் பொய் என்பதும், உள்ளமும் உரையும் ஒத்து நிற்றல் வாய்மை என்பதும் யாவரும் உடன்பட்ட முடிபுகளாம். ஈண்டு ஆராயத்தக்கது அதன்மேற் பிறக்கும் வினா ஒன்று. ஒருவன் தன்னுள்ளத்திற் பட்டவாறே, சிறிதும் ஒளியாது உரைக்கின்றான். ஆயினும், அவனுள்ளத்திற் கிடப்பது நிகழ்ந்ததற்கு மாறாயுள்ளது. அவன் மெய்யனோ, பொய்யனோ? அவனுரையாற் குற்றமற்ற ஒருவன் சிறைப்படுவானாயின் அத்தீங்கு யாரைச் சாரும்? இதனைத் தெளிதற்கு நினைவின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

நினைவின் தொழிலை இக்கால உளநூலார் மூன்றாகப் பகுப்பர். கண்டும் கேட்டும் உணர்ந்தவற்றை உள்ளத்திற் பதித்தல் ஒன்று. பதிந்ததனைப் பேணி வைத்தல் ஒன்று. வேண்டுங்கால் அதனை மீட்டுக் கொணர்தல் ஒன்று. பனையோலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்துப் போல நினைவு கிடந்தபடியே கிடக்கும் என்றும், மறதி என்பது அவ்வெழுத்து மங்குதலே என்றும் பலர் கருதுவர். மறதியை அளந்து கண்டவருள் முதல்வர் செருமானியரான எபிங்ஹாஸ். அவர் பொருளற்ற அசைகளைத் தாமே நெட்டுருச் செய்து, எத்துணைக் காலத்தில் எத்துணை நழுவுகின்றது என்று கணக்கிட்டு, 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் நழுவுதலையும், அதன்பின் நழுவுதல் வரவர மெலிதலையும் அவர் காட்டினார்.

நழுவுதல் ஒன்றே நினைவின் குறையாயின் இடர் சிறிது. மறந்தவன் ‘மறந்தேன்’ என்பான். அவனாற் பிறர்க்கு வருங் கேடு குறைவு. பெருங்கேடு யாதெனின், மறந்த இடத்தை உள்ளம் தானே நிரப்பிக்கொள்ளுதலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினர் கதையொன்றை ஆங்கிலேயர் சிலர்க்குப் படிக்கக் கொடுத்து, காலங் கழித்துத் திரும்பக் கூறச் செய்தார். மரத்தோணி படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று, படித்தார்க்கு விளங்காதன ஒழிந்து, அவர்தம் வழக்கிற்கு இயைந்தன புகுந்தன. நினைத்தல் என்பது கிடந்ததை எடுத்தலன்று, நினைக்குந்தோறும் புதிதாகக் கட்டுதல் என்று 1932-இல் வெளிவந்த தம் நூலில் அவர் நிறுவினார்.

அங்ஙனம் கட்டுங்கால் பிறர் சொல்லும் ஊடே புகும் என்பதனை அமெரிக்க உளநூலறிஞர் எலிசபெத் லாப்டசும் ஜான் பாமரும் 1974-இல் காட்டினர். மோட்டார் வண்டிகள் மோதும் படக்காட்சியை மாணவர்க்குக் காட்டி, வண்டிகள் எவ்வளவு விரைவிற் சென்றன என்று வினவினர். ‘ஒன்றையொன்று நொறுக்கியபோது’ என வினவப்பட்டார் கூறிய விரைவின் சராசரி மணிக்கு 40.5 மைல்; ‘ஒன்றையொன்று தொட்டபோது’ என வினவப்பட்டார் கூறியது 31.8 மைல். காட்சி வேறன்று, வினாவிலுள்ள சொல்லே வேறு. பிறிதொரு சோதனையில், ஒரு கிழமை கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டதுண்டோ என்று கேட்க, ‘நொறுக்கிய’ என்னுஞ் சொல்லைக் கேட்டிருந்த 50 பேருள் 16 பேர் கண்டதாகக் கூறினர். விரைவு பற்றி வினவப்படாத 50 பேருள் அங்ஙனம் கூறினார் 6 பேரே. அப்படத்தில் உடைந்த கண்ணாடி காட்டப்படவே இல்லை.

அம்மாணவர் பிழையால் எவர்க்கும் தீங்கில்லை. நீதிமன்றத்தில் அது நேருமாயின் நிலை வேறு. 1984-இல் வட கரோலினா மாநிலத்திற் பெருங்கொடுமைக்கு ஆளான மாணவி ஒருத்தி, பின்னர் அடையாளங் காட்டல் வேண்டுமென்று கொடியோன் முகத்தை அப்பொழுதே கூர்ந்து நோக்கினாள். அதன்பின் படங்களிலிருந்து ஒருவனைத் தெரிந்தாள். நேரில் நிறுத்திய வரிசையிலும் அவனையே தெரிந்தாள். படங்களிலும் வரிசையிலும் ஒருங்கு இருந்தவன் அவன் ஒருவனே. அவன் சிறைப்பட்டான். 1987-இல் மறு விசாரணையின்போது உண்மைக் குற்றவாளியை மன்றத்திற் கண்டும், அவனை முன் கண்டதில்லை என்றாள். 1995-இல் டி.என்.ஏ. ஆய்வு உண்மையை வெளிப்படுத்த, பத்தாண்டுக்கு மேற் சிறையிலிருந்தவன் விடுபட்டான். அவளோ ஒரு சொல்லேனும் அறிந்து பொய் கூறினாளல்லள்.

இதனைப் பழைய தருக்க நூற் கொள்கையோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகம் அறிவை அநுபவம், நினைவு என இரண்டாக்கி, மெய்யநுபவத்திற் பிறந்த நினைவு மெய் என்றும், பொய்யநுபவத்திற் பிறந்த நினைவு பொய் என்றும் வகுக்கும். இவ்வளவே கொள்ளின், நன்கு கண்டவன் தன் நினைவை ஐயுற வேண்டுவதில்லை. இக்கால ஆராய்ச்சியோ இவற்றொடு மற்றொன்றையும் சேர்க்கின்றது: மெய்யாகக் கண்டதிற் பிறந்த நினைவும் இடையிற் புகுந்தவற்றால் திரியும், திரிந்த பின்னும் முன்போலவே உறுதியுடன் தோன்றும். ஆகலின், நெஞ்சின் உறுதி ஒன்றே நிகழ்ச்சிக்குச் சான்றாகாது.

அற்றேல், நினைவு முற்றும் தள்ளத்தக்கதோ எனின், அன்று. நினைவின்றேற் கல்வியில்லை; நன்றியில்லை; பட்ட கடனைத் திருப்பிக் கொடுத்தலும் இல்லை. மாலைப்பொழுதிற் கயிற்றைக் கண்டு பாம்பென்றவன் பொய்யனல்லன். ஆயினும், விளக்கைக் கொணர வல்லனாயிருந்தும் கொணராது, ஊரைக் கூட்டிப் பிறனொருவனே அப்பாம்பை விட்டான் என்பானாயின் அவன் குற்றமுடையனாவான். குற்றம் திரிபுணர்வில் இல்லை. திரிபு நேரக்கூடும் என்று அறிந்தும் ஆராயாமையில் உள்ளது. மேற்கூறிய மாணவிக்கு அவ்விளக்கினை எவரும் கொடுத்திலர். ஆதலின் அப்பொறுப்பு வினவினாரையும், வினவும் முறையை வகுத்தாரையுமே பெரிதுஞ் சாரும். அம்மாநிலமே 2007-இல் சட்டமொன்று இயற்றி, ஐயத்திற்குரியவன் யாவன் என்று அறியாதவரே சாட்சிக்கு வரிசையைக் காட்டல் வேண்டும் என்றும், குற்றவாளி அவ்வரிசையில் இல்லாதிருத்தலும் கூடும் என முன்னரே சொல்லல் வேண்டும் என்றும் விதித்தது. இது விளக்கேற்றியதனோடு ஒக்கும்.

மன்றம் ஏறுவார் சிலரே. நினைவைக் கொண்டு பிறரைக் குற்றஞ்சாட்டுவார் பலர். உடன்பிறந்தார் பாகப் பிரிவிலும், கேளிர் பழம்பகையிலும், ‘அன்று நீ இவ்வாறு சொன்னாய்’ என்னும் ஒரு சொல்லே பல்லாண்டு நட்பை அறுக்கின்றது. சொன்னான் என்பவனும், சொல்லவில்லை என்பவனும் இருவரும் பொய்யறியாதவராதல் கூடும். ஆதலின், உள்ளத்திற்கு மாறின்றிக் கூறுதல் வாய்மையின் ஒரு பாதி. அவ்வுள்ளத்தையே ஆராய்ந்து கூறுதல் மறுபாதி. கண்டதனையும் பிறர் சொல்லக் கேட்டதனையும் கலவாது வைத்தலும், ஐயமுள்ள இடத்து ஐயமுண்டென்றே கூறுதலும், விடையை வினாவிற் புதைத்து வினவாமையும் இம்மறுபாதியின் உறுப்புக்களாம். இவை இல்லாதவழி நல்லோர் நாவும் தீங்கு செய்யும் என்க.