மேல்மடையும் கடைமடையும்

மேல்மடைக்காரன், தான் காணாத கடைமடைக்காரனுக்குக் கடமைப்பட்டவனா? பழனிமலைச் சோலையில் ஓர் ஓடையைத் தொடர்ந்து பகலெல்லாம் நடப்பவருக்கு இக்கேள்வி எழாமற்போகாது. மழை ஓய்ந்து நாள்கள் கடந்தும் அங்கே மண் நீரைக் கசியவிடுகிறது. தென்சரிவின் வராகநதியும் மஞ்சளாறும் வைகையில்தான் சேர்கின்றன.

அந்த வைகைக்கே, 1895-இல், மலையைக் குடைந்து பெரியாற்றைத் திருப்பினார்கள். பென்னிகுயிக்கின் பெயரை அறிவோம்; காய்ச்சலில் மடிந்த கூலியாள்களின் பெயரை யார் அறிவார்? நீர் பாய்ந்த மேலூர் வயல்களை அவர்களுள் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

நாமோ சென்ற நூற்றாண்டில் இம்மலைப் புல்வெளிகளில் யூகலிப்டசும் வாட்டிலும் நட்டோம். விறகும், தோல் பதனிடப் பட்டையும் கிடைத்தன, உண்மைதான். ஆனால் அவை உறிஞ்சிய நீர் யாருடையது? கடைமடையில் நாற்று வாட நின்றவனை எவரும் கேட்கவில்லை.