நட்சத்திரம் ஒட்டிய அட்டை

மதுரை, தல்லாகுளம் பெருமாள் கோயில் மண்டபம். சாயரட்சை நேரம். பள்ளி விட்டு நேரே வந்த இளம் ஆசிரியரின் கையில் சுருட்டிய அட்டை ஒன்று. எதிரே, அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து இப்போது ஓய்வில் இருக்கும் குரு.

சீடன்: ஐயா, மனசு சரியில்லை. நல்லதென்று நினைத்துச் செய்தது கெட்டதாக முடிந்துவிட்டது.

குரு: உட்காருப்பா. கையில் என்ன அது?

சீடன்: வகுப்பில் மாட்டியிருந்த அட்டை. ஒரு கதைப் புத்தகம் படித்தால் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன். பத்து சேர்ந்தால் ஒரு ஜெல் பேனா. முதல் இரண்டு வாரம் அலமாரியே காலி. அப்புறம் கவனித்தால், எல்லாரும் மெலிந்த புத்தகமாகத் தேடி எடுக்கிறார்கள். பேனா வாங்கக் காசில்லாமல் ஒரு மாதம் நிறுத்தினேன். அலமாரிப் பக்கம் ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். இந்த அட்டைக்கு முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்கூடப் புத்தகமும் கையுமாக இருப்பாள். நேற்று அவளிடம் ஒன்றை நீட்டினேன். "இதுக்கு ஸ்டார் உண்டா சார்?" என்றாள்.

குரு: அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நீதான்.

சீடன்: அதுதான் ஐயா உறுத்துகிறது.

குரு: இது உனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்று மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைகளை மூன்று பிரிவாக்கினார்கள். வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று ஒரு பிரிவிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டாம் பிரிவுக்கு, வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதையே கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, அவர்கள் வரைந்த அதே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். முதலிலேயே சொல்லிவைத்து வாங்கிய பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரந்தான் வரைந்தார்கள்.

சீடன்: எதிர்பாராமல் வாங்கியவர்கள்?

குரு: அவர்கள் ஆசை குறையவில்லை. அப்படியென்றால் பரிசை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இதைச் செய்தால் இது என்ற பேரம்தான் பிள்ளையின் மனசை மாற்றுகிறது. தனக்குப் பிடித்துச் செய்ததை இப்போது கூலிக்குச் செய்ததாக அதுவே நினைக்கத் தொடங்கிவிடுகிறது.

சீடன்: அப்படியானால் வெளியிலிருந்து எதையுமே கொடுக்கக் கூடாதா? நம் ஊர் ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில்தான் 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். சோற்றுக்காக வருகிற பிள்ளையும் உண்டே?

குரு: சோற்றை உன் பேனாவோடு சேர்க்காதே. காமராசர் 1956-இல் மதிய உணவு போட்டபோதும், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தபோதும், பாடம் ஒப்பித்தால்தான் தட்டு வரும் என்று யாரும் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் அதே கரண்டிச் சோறுதான். வயிறு காய்கிற பிள்ளைக்குப் பாடம் காதில் ஏறாது, அதனால் போட்டார்கள். அது கடமை. அதைத் தூண்டில் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

சீடன்: மன்னியுங்கள் ஐயா. இன்னொன்று கேட்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவன் நாலு வரிச் செய்யுளை ஒப்பிக்கத் திணறுவான். போன சித்திரையில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்று இதே தல்லாகுளத்தில் அவனைப் பார்த்தேன். தாத்தாவின் கூட்டத்தோடு உட்கார்ந்து அழகர் வர்ணிப்பு பாடிக்கொண்டிருந்தான். ஏட்டைப் பார்க்கவில்லை. ஓரிடத்தில் தாத்தா ஓர் அடியை விட்டுவிட்டார். பையன் குரலை ஏற்றி அதை எடுத்துக்கொடுத்தான். கிழவர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த முகத்தை என் வகுப்பில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் வர்ணிப்பும் நேர்த்திக்கடன்தானே? சாமியோடு பேரம் என்று சொல்லலாமே?

குரு: நேர்த்தி தாத்தாவுடையதாக இருக்கலாம். பையன் எதற்காகப் பாடினான்? பெரியவர்கள் நடுவில் அவனுக்கும் ஓர் இடம் இருந்தது. விட்டுப்போன அடியை எடுத்துக்கொடுக்க அவனால் முடிந்தது. பாடு என்று யாரும் காதைத் திருகவில்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர் இருவர் கற்கும் ஆர்வத்துக்கு வேராகச் சொல்வது இந்த மூன்றைத்தான்: தானாக விரும்பிச் செய்வது, தன்னால் முடிகிறது என்ற தெம்பு, தனக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற ஒட்டுதல். உன் செய்யுள் வகுப்பில் அவனுக்கு இவற்றில் எது கிடைத்தது?

சீடன்: ஒன்றும் இல்லை, ஐயா. ஆனால் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறதே, அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வேலைக்காகத்தானே படிக்கிறார்கள். அது தாழ்ந்ததா?

குரு: வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்று படிப்பவனைத் தாழ்த்திப் பேச நமக்கு வாயில்லை. வேலைக்காக நுழைந்தவன் விஷயத்தில் ஊறிப்போவதும் உண்டு. உ.வே.சா.வை நினைத்துப்பார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்தாயிற்று. அந்த ஆண்டுதான் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று பெருமையாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். பாராட்டே கிடைக்காத அந்தச் சந்திப்புக்குப் பிறகு ஏடு தேடினார், ஒப்பிட்டார். அந்தச் சமணக் காப்பியத்தின் மரபு பிடிபடாமல் சமணர் வீடு தேடிப்போய், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் நூல் வெளிவந்தது. மாதச் சம்பளம் அவருக்கு எப்படியும் வந்திருக்கும். அந்த ஏழாண்டு உழைப்பை அவரிடம் கேட்டது சிந்தாமணி.

சீடன்: சரி ஐயா, அட்டையைக் கிழித்துவிடுகிறேன். பிள்ளைகள் திரும்பி வருவார்களா?

குரு: உடனே வரமாட்டார்கள். அலமாரி எங்கே இருக்கிறது?

சீடன்: வகுப்பின் மூலையில். முன்பெல்லாம் திறந்தே கிடக்கும். நட்சத்திரத்துக்குக் கணக்கு வேண்டுமே என்று பூட்டு வாங்கிப் போட்டேன். இடைவேளையில் நானே திறந்து, குறித்துக்கொண்டு கொடுப்பேன்.

குரு: இப்போது?

சீடன்: பூட்டித்தான் இருக்கிறது.

குரு: சாவி?

சீடன்: என் சட்டைப் பையில் ஐயா.

குரு: நாளைக் காலை மணியடிக்கும் முன் போய்ப் பூட்டைக் கழற்று. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எதையும் நீட்டாதே. நீயே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து படி.