வெட்டுப்பட்ட பொற்காசு

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில், பழங்காசு வாங்கி விற்பவர் ஒருவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். மூதாட்டி ஒருத்தி விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றை நீட்டினாள்.

"ஓட்டை விழுந்த காசு ஆத்தா. வெள்ளி எடைக்குத்தான் எடுப்பேன்."

"ஓட்டை எங்கப்பா விழுந்துச்சு? நாங்கதான் போட்டோம். பிள்ளை கழுத்துல கட்ட வேணாமா?"

வியாபாரி ஏமாற்றுக்காரர் அல்லர். காசு சேர்ப்பவர்கள் ஓட்டைக் காசை விரும்புவதில்லை. அவர்கள் கொடுப்பதைத்தானே அவர் கொடுக்க முடியும்? ஆனால் பதினொன்றரைக் கிராமுக்குச் சற்று மிகுந்த அந்த ரூபாயில் துளையினால் போன வெள்ளி ஒரு சிட்டிகைகூட இராது. அப்படியானால் குறைந்தது எது? விழுந்த ஓட்டையும் போட்ட ஓட்டையும் ஒன்றுதானா?

1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் மீது உளிவெட்டு. விளிம்பில் அன்று; சக்கரவர்த்தியின் தலைமேலேயே! பொன் மாற்றுப் பார்க்க வெட்டினார்கள் என்பாரும் உண்டு. எனக்கு அது பொருந்தவில்லை. மாற்றுப் பார்க்க ஓரத்தில் ஒரு கீறல் போதுமே. 'இது இனி அந்நிய அரசனின் நாணயம் அன்று, வெறும் பொன்' என்று அறிவிக்கவே வெட்டினார்கள் என்ற கருத்தே சரியென்று படுகிறது. பொன்னின் எடை குறையவில்லை. சக்கரவர்த்தியின் ஆணைதான் குறைந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்குமுன் இங்கே வாழ்ந்த ஒருவனின் மனம் அந்த வெட்டில் தெரிகிறது. வெட்டுப்படாத காசோ ரோமாபுரியைப் பற்றி மட்டுமே பேசும்.

தேய்மானமும் இப்படித்தான். கோசாம்பி என்ற கணித அறிஞர் பழைய முத்திரைக் காசுகளை ஆயிரக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். இந்தப் பள்ளத்தாக்கில் போடிநாயக்கனூரிலும் அவ்வகைக் காசுப் புதையல் கிடைத்ததுண்டு. கைமாறக் கைமாறக் காசு இளைக்கிறது. இளைப்பை அளந்தால் அது புழங்கிய காலத்தை ஒருவாறு மதிப்பிடலாம் என்று அவர் காட்டினார். சேர்ப்பவனுக்குக் குறையாகத் தோன்றுவது அவருக்குக் கடிகாரமாயிற்று.

நான் அஞ்சுவது வேறொரு சேதத்துக்கு. புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்குகிறார்களே, அதற்கு. துளையை ஈயம் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மூதாட்டியிடமும், "அடைச்சுக் கொண்டு வந்தால் கூடப் பத்து ரூபாய் போடலாம்" என்றார் வியாபாரி.

அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு கோயில் பக்கம் நடந்தாள். அவளுக்குப் பணமுடை இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்திருக்கவே மாட்டாள்.